நோட்டுப் புத்தகமா, செயலியா?

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துவைக்க எது தோது? டுவோலிங்கோ போன்ற செயலி தினமும் நினைவூட்டும், எத்தனை நாள் விடாமல் படித்தோம் என்று எண்ணிக் காட்டும். சரி, ஆனால் அந்த எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதே என்று தெரிந்த பாடத்தையே தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு.

நோட்டில் அந்த வித்தை பலிக்காது. ‘ஆங்கிலத்தில் தேற வேண்டும்’ என்று எழுதினால் அடுத்த வரி ஓடாது. ‘வெள்ளிக்கிழமைக்குள் நேற்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்வேன்’ என்று எழுதினால்தான் டிக் போட முடியும். ‘சாப்பிட்டேன்’ என்பதற்குத் தப்பாக எழுதிய ‘ஈட்டட்’ (eated) என்பதை அடித்து ‘ஏட்’ (ate) என்று திருத்திய இடம் ஒரு மாதம் கழித்தும் கண்ணில் படும்.

சொற்களை மறுபடி கேட்பதில் மட்டும் என் ஓட்டு செயலிக்கே. ஆன்கி மாதிரியானவை, மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கேட்கும்.