பழைய பர்மா தேக்கில் ஒரு தலைவாசல் நிலை: காரைக்குடி மரக்கடை பற்றி

காரைக்குடியைச் சுற்றி, இடித்த வீடுகளின் மரத்தை வாங்கி விற்கும் கடைகள் பல இருக்கின்றன. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் போல வெளியூர்க்காரர்கள் தேடிவந்து வேடிக்கை பார்க்கும் இடங்கள் அல்ல இவை. பித்தளைச் செம்போ எனாமல் தூக்குச்சட்டியோ இங்கே கிடைக்காது. உத்திரம், தூண், நிலை, கதவு, சட்டம், பலகை என்று மரம் மட்டுமே. பள்ளத்தூரில் கட்டிவரும் சிறு வீட்டுக்குத் தலைவாசல் நிலையும் இரட்டைக் கதவும் வேண்டியிருந்ததால், தேவகோட்டை செல்லும் வழியில் உள்ள ஒரு கடையில் மரம் எடுத்தோம். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே கண்ட நிறைகள் அந்தக் கடைக்கு உரியவை. ஆனால் குறைகளில் பெரியது இந்த வியாபாரம் முழுவதற்கும் பொதுவானது.

மரத்தின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்களுக்குக் காட்டப்பட்டவை ஒரு வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து வந்த உத்திரங்கள். வெட்டுமுகத்தை லேசாக இழைத்துத் துடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குள் ஐந்தாறு வளையங்கள் அடங்கியிருந்தன. ஓரத்தில்கூட வெள்ளை எனப்படும் மென்மையான வெளிமரம் இல்லை, முழுவதும் வைரம் எனப்படும் கெட்டியான உள்மரம். ஆணி இருந்த இடங்களில் இரும்பும் மரத்தின் சாறும் சேர்ந்து கருநீலக் கறை படிந்திருந்தது. ஒரு பக்கத்தில் கைவாளால் அறுத்த சாய்வுக் கோடுகள் மேலும் கீழுமாக ஓடின, அவற்றின் இடுக்கில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. இழைப்புளி ஓடியதும் புதுத் தேக்குக்குரிய எண்ணெய் வாசனை எழுந்தது. இத்தனை காலம் வீட்டுக்குள் கிடந்த மரத்துக்கு அந்த வாசனை மிஞ்சியிருக்கும் என்று எங்கள் ஆசாரிகூட எதிர்பார்க்கவில்லை.

வளையம் நெருக்கமாக இருந்தால்தான் தேக்கு உறுதியானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். வேகமாக வளர்ந்த தேக்கு, அதனாலேயே வலுவற்றதாகிவிடுவதில்லை. இளம் மரத்தில் வைரத்தின் பங்கு குறைவு, வெள்ளையின் பங்கு கூடுதல் என்பதுதான் சிக்கல். கரையானை விரட்டும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் வைரத்தில்தான் சேர்கின்றன. இருபது ஆண்டுத் தோட்டத் தேக்கில் செய்த ஜன்னலைக் கரையான் அரித்துவிட்டது என்று யாராவது வருந்தினால், அரிக்கப்பட்ட இடத்தை உற்றுப் பாருங்கள்; பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். "ஆத்துல மெதக்கவிட்டுக் கொண்டாந்த மரம்ணே, இனிமே திரும்பாது" என்று, அதாவது இனி முறுக்கிக்கொள்ளாது என்று, அவர் சொன்னது வெறும் விற்பனைப் பேச்சு அன்று. பச்சைத் தேக்கு கனமானது, தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாவில் வெட்டுவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முன்பே அடிமரத்தைச் சுற்றி வெள்ளைக்குள் ஆழமாக வெட்டு வெட்டி, மரத்தை நின்றபடியே காயவிட்டார்கள். காய்ந்தபின் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டு, தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். அவசரமாக வெட்டி அவசரமாக அறுத்த மரத்தில் வரும் முறுக்கமும் வெடிப்பும் இந்த உத்திரங்களில் இல்லாததற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

அந்தக் காடுகள் நிர்வகிக்கப்பட்ட விதமும் இங்கே சொல்லவேண்டியது. 1852இல் பர்மாவின் பெகு பகுதி ஆங்கிலேயர் வசமானதும் மர வியாபாரிகள் காட்டைச் சூறையாடத் தொடங்கினார்கள். 1856இல் அங்கே வந்த டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், யானைமீது காட்டின் ஊடே நேர்கோட்டில் சென்று, கண்ணில் பட்ட தேக்குகளைச் சுற்றளவின்படி வகைபிரித்து, மூங்கில் துண்டுகளில் கீறிக் கணக்கெடுத்தார். ஆறடிச் சுற்றளவு எட்டாத மரத்தைத் தொடக்கூடாது. எட்டிய மரங்களிலும், அடுத்த வகுப்பு மரங்கள் வளர்ந்து அவற்றின் இடத்தைப் பிடிக்க ஆகும் காலத்தைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ற பங்கை மட்டுமே ஆண்டுதோறும் வெட்டவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. காட்டின் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது என்று சொன்னால் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியிருக்காது. காட்டை நம்பி வாழ்ந்த கரேன் மக்களின் உரிமைகளை அந்த நிர்வாகம் சுருக்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் பயிர் செய்த மலைச்சரிவுகளிலேயே நெல்லோடு தேக்கையும் நடவைத்து, பிறகு நிலத்தை அரசின் காடாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் 'இவ்வளவுதான் எடுக்கலாம்' என்ற ஒரு வரம்பு இருந்தது. நம் வளவு வீடுகள் பெரும்பாலும் 1850களுக்கும் 1940களுக்கும் இடையே கட்டப்பட்டவை என்பதால், அவற்றின் தூண்களில் பல அந்த வரம்புக்குள் வெட்டப்பட்டவையாக இருக்க வாய்ப்புண்டு. அந்த வரம்பு பின்னாளில் காப்பாற்றப்படவில்லை. 2010க்கும் 2015க்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 5,46,000 ஹெக்டேர் காட்டை மியான்மர் இழந்ததாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. பிரேசில், இந்தோனேசியாவுக்கு அடுத்து அக்காலத்தில் அதுவே உலகின் பெரிய இழப்பு. 2014 ஏப்ரல் 1 முதல் உருண்டை மர ஏற்றுமதியை அந்நாடு நிறுத்திக்கொண்டது.

ஒரு நிலை வாங்கப் போனவனுக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது மரம் நடுவதைச் சொல்கிறோம், வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதை விட்டுவிடுகிறோம் என்பதால்தான். காட்டிலுள்ள கரிமத்தின் இருப்பைக் குறையவிடாமல், அல்லது கூட்டிக்கொண்டே, ஆண்டுதோறும் சீராக மரமும் எடுக்கும் நிர்வாகமே நீண்டகால நோக்கில் மிகப் பெரிய பயனைத் தரும் என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2007ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. காட்டை வேலியிட்டுப் பூட்டுவதை மட்டும் அது சொல்லவில்லை. எடுத்த மரம் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் பொருளாகி, சிமெண்டும் இரும்பும் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்வதும் அந்தக் கணக்கில் சேரும்.

எங்கள் நிலையையே எடுத்துக்கொள்வோம். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு நான்கு அங்குலச் சட்டம். கீழ்ப்படியும் சேர்த்து ஏறத்தாழ மூன்று கன அடி மரம். கன அடிக்குச் சுமார் 18 கிலோ வீதம் 54 கிலோ. ஈரம் போக மீதியில் பாதி கரிமம். காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 90 கிலோ வரும். எப்போதோ பெகு மலைத்தொடரில் ஒரு மரம் மூச்சாக இழுத்துக்கொண்டது இன்னும் வெளியே போகாமல் எங்கள் வாசலில் நிற்கப்போகிறது. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வரும் வழியெங்கும் நிற்கிறதே தைலமரம், அதுவும் மரந்தான், அதுவும் கரிமத்தைச் சேர்க்கிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுப்பட்டுக் காகிதக் கூழாகி, விரைவிலேயே குப்பையாகி, சேர்த்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மழைநீரைக் கண்மாய்க்குப் போகவிடாமல் அந்தத் தோப்புகளில் வெட்டிய வரப்புகள் பற்றி விவசாயிகள் சொல்லும் புகார் தனிக்கதை.

இங்கேதான் நம் மரக்கடைகளைப் பற்றிய என் குறை வருகிறது. பழைய மரத்தை வாங்குவதால் காற்றிலிருந்து புதிதாக எதுவும் குறைவதில்லை. அதற்காக இன்னொரு மரம் வெட்டப்படாமல் தப்புகிறது என்பதுதான் லாபம். எப்படியும் விழப்போகிற, அல்லது விழுந்துவிட்ட வீட்டிலிருந்து மரம் வந்தால் இது உண்மையான லாபம். நன்றாக நிற்கும் வீட்டை மரத்துக்காகவே பிரித்தால் லாபம் எங்கே இருக்கிறது? சுண்ணாம்புச் சுவரும் செங்கல்லும் இடிபாடாகிப் போய், அந்த இடத்தில் கான்கிரீட் எழும்பினால் கணக்கு தலைகீழாகிவிடும். பங்காளிகள் பத்து ஊர்களில் இருக்க, ஓடு மாற்றவே பணம் புரட்ட முடியாத வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். விற்பவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பதால் மட்டும் ஒரு வீட்டுக்கு ஓடு வந்துவிடாது. ஆனால் பர்மாக் காட்டுக்கு ஆறடி என்று ஒரு விதி இருந்தது. இந்த வீடுகளுக்கு எந்த விதியும் இல்லை. வெட்டிய காட்டில் மறுபடி முளைக்கும்; பிரித்த முகப்பு முளைக்காது.

ஆகவே, 'இந்த உத்திரம் எந்த ஊர், எப்படிப்பட்ட வீடு, ஏன் பிரித்தார்கள்?' என்று கேட்டேன். மரத்தின் வகையையும் வயதையும் அத்தனை துல்லியமாகச் சொன்ன அதே மனிதர், "பக்கத்துல ஒரு ஊருதாண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ரசீதிலும் 'பழைய தேக்கு, கன அடி இவ்வளவு' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. வனத்துறைக் கிடங்கில் ஏலம் எடுத்தால் ஒவ்வொரு கட்டைக்கும் எண்ணும் சுத்தியல் முத்திரையும் இருக்கும், எந்தக் காடு என்று பின்னோக்கிப் போகலாம். வீட்டு மரத்துக்கும் ஊர்ப் பெயரும் பிரித்த ஆண்டும் கொண்ட ஒரு வரியை ரசீதில் எழுதுவது எந்தக் கடைக்கும் முடியாத காரியம் அன்று. அப்படி எழுதும் கடைக்கு நான் சற்றுக் கூடுதல் விலைகூடத் தருவேன்.

புது மரம் வாங்கலாமே என்பவர்களுக்கும் வழி அவ்வளவு எளிதாக இல்லை. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டத் தேக்குதான் இன்று பெரும்பாலான மரவாடிகளில் கிடைப்பது. தோட்டத்தில் நட்டு வளர்த்தது என்பது தன்னளவில் நல்லதே. நம் பக்கத்திலேயே கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கானலி தொடங்கி, சாத்து மேனன் முன்நின்று நட்ட தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழையவற்றுள் ஒன்று, அதன் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. கேட்கவேண்டியது, அந்தத் தோட்டம் இயற்கைக் காட்டை அழித்து வந்ததா, வெட்டியபின் மறுபடி நடுகிறார்களா என்பதை. 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி., 1999இல் வந்த பி.இ.எஃப்.சி. என்ற பன்னாட்டு வனச் சான்று அமைப்புகள் அதற்காகத்தான் சான்றளிக்கின்றன. 2023 டிசம்பரில் நம் நாட்டுக்கென்றே வனம், மரச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு அறிவித்தது. நாங்கள் ஏறி இறங்கிய வாடிகளில் இந்தச் சான்றுகளை எவரும் காட்டவில்லை, கேட்டபோது புரிந்துகொள்ளவும் இல்லை. ஒரு வாடியில் கானாக் கட்டையைப் பர்மா என்றே விலை சொன்னார்கள்; வெட்டுமுகத்தில் வெள்ளை விரல் அகலத்துக்கு இருந்ததை எங்கள் ஆசாரி சுட்டிக்காட்டியதும் விலை தானாக இறங்கியது. அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால், நாங்கள் வாங்கிய பழமரக் கடை நேர்மையில் பல படி மேலே நிற்கிறது.

மற்றபடி, கடையின் சேவை நன்று. உத்திரங்களைப் புரட்டிப் பார்க்கவும், ஓரத்தை இழைத்துப் பார்க்கவும் தடை சொல்வதில்லை. வெடிப்புள்ள ஒன்றைத் தாமாகவே ஒதுக்கி வைத்தார்கள். விலை கானாத் தேக்கைவிடக் கூடுதல், அதில் வியப்பில்லை. அளவையில்தான் சற்று உரசல் வந்தது: பழைய பொருத்துத் துளைகளையும் ஆணிக் குழிகளையும் சேர்த்தே கன அடி போடுகிறார்கள். துளையுள்ள முனைகளை அறுத்து நீக்கினால் கணிசமான மரம் வீணாகிறது, எனவே துளை போக நிற்கும் நீளத்தையே அளக்கச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது; நாங்கள் பேசினோம், பாதி வழி இறங்கி வந்தார். ஜன்னல் கதவு போன்ற மெல்லிய வேலைகளுக்கு இந்த உத்திரங்களைப் பலகையாக அறுப்பது எனக்கு ஒப்புதலில்லை. நிலை, தூண், படிக்கட்டு என்று கனமாகவே பயன்படுவதற்கு எடுங்கள், மெல்லியவற்றுக்கு உள்ளூர் வேம்பும் பூவரசும் போதும்.

ஆசாரி வேலை கடையின் பொறுப்பு அன்று. ஆளை மட்டும் காட்டிவிடுவார்கள். மரத்துக்குள் தலை முறிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும், வாள் பட்டால் பல் போய்விடும் என்பதால், அறுவைக்கு முன் ஆணி எடுப்பதற்குத் தனிக்கூலி கேட்கிறார்கள். அதைக் கடைக்காரரே ஏற்பதா நீங்கள் ஏற்பதா என்பதை, மரம் வண்டியில் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.