ராஜகிரியா, கிருஷ்ணகிரியா? செஞ்சியில் ஒரே ஒரு பகல் கிடைத்தால்

செஞ்சிக்குப் போய்வந்தேன் என்றால் கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ராஜகிரி உச்சிக்கு ஏறினீர்களா?" அதே கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரிக்கு ஏறினோம் என்றேன் இந்தத் தை மாதம். "ஓசூர் பக்கத்துக் கிருஷ்ணகிரிக்கா?" என்றார் ஒருவர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்த மலையைப் பார்த்திருப்பார்கள். பெயர் மட்டும் மனத்தில் நிற்பதில்லை.

ராஜகிரிக்கு ஒரு முறை ஏறியிருக்கிறேன், கிருஷ்ணகிரிக்கு இரண்டு முறை. குடும்பத்தோடு ஒரு நாள் மட்டும் செஞ்சியில் இருக்கப்போகிறவருக்கு என் ஓட்டு கிருஷ்ணகிரிக்கே. இனி எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கும். படிப்பவர்கள் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மலை என்றால் பசுமையாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்; யாரோ கூடையில் அள்ளிக் கொட்டியதுபோல் உருண்டைப் பாறைகள், இடுக்குகளில் முட்புதர், சீத்தாமரம், சுற்றிலும் குத்துக்காடு. கோன் அரசர்களிலிருந்து விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் வரை எல்லோரும் கைமாற்றிக்கொண்ட கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்ந்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன.

ராஜகிரியின் பெருமையை மறுக்க முடியாது. ஏறத்தாழ 800 அடி உயரம், ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், வாசலுக்கு மேல் வாசல். உச்சிக்குச் சற்று முன் மலையே இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் கிடக்கிறது. சிறு பாலத்தின் மேல் அதைக் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் தொட முடியாது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலமாக இருந்தபோது மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுப் படை ஓர் இரவில் பிடித்துவிட்டது என்பது வேறு கதை. அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் எட்டு ஆண்டு எப்படி ஆயிற்று என்பது புரியும். உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. நான்கு திசையும் காற்று. இருபத்தைந்து வயதில், நண்பர்களோடு, மார்கழியில் போகிறவர் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, ஏறிவிடலாம்.

மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: வெயில் ஏறும் நேரமும் கோட்டை திறந்திருக்கும் நேரமும். படிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். படி ஒரு பொருட்டே இல்லை; நின்று நின்று ஏறினால் எத்தனை படியும் ஏறிவிடலாம். ஆனால் நிற்பதற்கு நிழல் வேண்டும்.

நாங்கள் போன இரண்டு தடவையும் காலை ஒன்பது மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். திருவண்ணாமலையில் விடிவதற்கு முன்பே மலை சுற்றுகிறவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. நுழைவுச்சீட்டு வாங்கி, கல்யாண மகாலை ஒரு பார்வை பார்த்து, குரங்குகளிடமிருந்து தின்பண்டப் பையைக் காப்பாற்றி, ராஜகிரியின் முதல் படியில் கால் வைக்கும்போது பத்தாகிவிடுகிறது. மாலை ஐந்துக்கு மூடுகிறார்கள். பிற்பகலில் உச்சிக்குப் புறப்படுகிறவர்களைக் காவலர் திருப்பி அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். ஆக, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, நாளிலேயே மோசமான நான்கு மணி நேரத்தில்தான் ராஜகிரிக்கு ஏறி இறங்க முடியும்.

கருங்கல் மலையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பதினொரு மணிக்குப் பிறகு பாறை வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறது. பக்கத்துப் பாறையில் கை ஊன்ற முடியாது. நான் ராஜகிரிக்குப் போனது ஒரு சித்திரையில். புத்தி இல்லை, விடுமுறை இருந்தது. ஏற ஒரு மணி ஐம்பது நிமிடம். கொண்டுபோன இரண்டு லிட்டர் தண்ணீர் கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பாதியாகிவிட்டது. உச்சியில் இருந்தது இருபது நிமிடம். அதிலும் முக்கால்வாசி நேரம் கோயில் சுவரோரம் நிழலில் கண்மூடிக் கிடந்தேன். இறங்கிய பிறகு கீழே ஒன்றையும் பார்க்கத் தெம்பில்லை. வெங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன்.

இந்தத் தடவை என்னோடு வந்தவர்கள் அறுபத்து மூன்று வயது அம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், புதுச்சேரியிலிருந்து மைத்துனர். மைத்துனருக்கு ராஜகிரிதான் வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சின்ன மலைக்கா மச்சான்?" என்று வாசல் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

கிருஷ்ணகிரி சாலைக்கு வடக்கே இருக்கிறது. கிருஷ்ணக் கோன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியதால் அவர் பெயர் என்கிறார்கள்; ராணி கோட்டை என்றும் சொல்வதுண்டு. ராஜகிரி பக்கம் வாங்கிய நுழைவுச்சீட்டே இங்கும் செல்லுபடியானது. படிகள் கருங்கல், உயரம் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் மகளைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து ஐம்பத்தைந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டார். வழியில் நாங்கள் பார்த்த ஆட்கள் மொத்தம் ஏழு பேர். அன்று ராஜகிரி அடிவாரத்தில் மூன்று பள்ளிப் பேருந்துகள் நின்றிருந்தன.

மேலே போனதும் ஒரு மனிதன் செய்ய விரும்புவது உட்கார்வது. அதற்கு இங்கே இடம் இருக்கிறது. களஞ்சியங்கள் இரண்டு, உள்ளே நுழைந்தால் குகை போலக் குளிர்கிறது. நெய்யும் எண்ணெயும் சேமித்ததாகச் சொல்லப்படும் கல்தொட்டி ஒன்று, நெய்க்கிணறு என்று பெயர். தூண்கள் நிறைந்த ரங்கநாதர் கோயில். இவற்றையெல்லாம் விட, குவிமாடத்தோடு வளைவு வளைவாகத் திறந்த தர்பார் மண்டபம். அதன் சாளரத்தில் முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மண்டபத்துக்குள் வந்துதான் போகிறது. அம்மா ஒரு சிறு தூக்கமே போட்டார். மகள் களஞ்சியத்துக்குள் நின்று தன் பெயரைக் கத்திக் கத்தி எதிரொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மைத்துனர் வாயடைத்தது. எதிரே ராஜகிரி முழுதாக நிற்கிறது: அடியிலிருந்து மதில் பாறை மேல் ஊர்ந்து ஏறுவது, நடுவில் வாசல்கள், உச்சியில் தீப்பெட்டி போல மண்டபம், கீழே கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரம். ராஜகிரி மேல் நிற்கிறவனுக்கு ராஜகிரி தெரியாது. சுற்றியுள்ள வயலும் ஏரியும் தெரியும், அவ்வளவுதான். செஞ்சி என்றதும் காலண்டரில் வரும் அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்க இங்கே வந்து உட்கார வேண்டும்.

பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டோம். மிச்சமிருந்த நாலரை மணி நேரம் ராஜகிரியின் அடிவாரத்துக்குப் போயிற்று. உச்சிக்கு ஏறாவிட்டால் ராஜகிரியையே இழந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லாயம், களஞ்சியங்கள், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம் எல்லாம் சமதரையில்தான் இருக்கின்றன. செட்டிக்குளக் கரையில் அம்மாவுக்குத் தேசிங்கு ராஜன் கதை வந்துவிட்டது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேஜ் சிங்கைத்தான் நாம் தேசிங்கு என்கிறோம். அவன் உடலுக்கு எரியூட்டியதும் மனைவி உடன்கட்டை ஏறியதும் இந்தக் கரையில் என்பார்கள். அவன் குதிரை பாராசாரி, நண்பன் குதிரை நீலவேணி என்று கூத்தில் கேட்டதை அம்மா அரைமணி நேரம் சொன்னார். வெங்கடரமணர் கோயிலில் மைத்துனருக்கு வேறு அதிர்ச்சி. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. சிறுவயதில் அவற்றின் பின்னால் ஒளிந்து விளையாடியவர் அவர்.

ஐந்து மணிக்குப் பிறகும் வெளிச்சம் மிச்சமிருந்தால் சிறுகடம்பூர் பக்கம் திருநாதர்குன்றுக்குப் போகலாம். தனிப் பாறை ஒன்றில் சமணத் தீர்த்தங்கரர்கள் இருபத்து நான்கு பேரும் சிற்பமாக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இரண்டு மலையையும் ஒரே நாளில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். என் முழங்கால் அந்தக் கட்சியில் இல்லை. மழைக்காலத்தில் நான் எதற்கும் ஏறியதில்லை. ஈரப் பாறையில் இந்தக் கணக்கெல்லாம் மாறலாம். சந்திரகிரிக்கு ஒரு தடவை முயன்று, முட்புதரில் வேட்டி கிழிந்து பாதியில் திரும்பியதோடு சரி.

மைத்துனர் அடுத்த மார்கழியில் தனியாக வந்து ராஜகிரிக்கு ஏறப்போகிறாராம். கிருஷ்ணகிரியிலிருந்து எடுத்த ராஜகிரி படத்தைத்தான் கைபேசி முகப்பில் வைத்திருக்கிறார்.