‘ஒரிஜினல் ஐரிஸ்’ சென்ட்: வன்னிப் பக்கத்தார் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கல்யாண வீடுகள் வரிசையாக வருகின்றன. கூடவே, “பிரான்ஸிலிருந்து நேரே வந்தது” என்று வெளிநாட்டுச் சென்ட் விற்கும் ஒரு பேஸ்புக் பக்கமும் மும்முரமாக இருக்கிறது. ஊதா நிற ஐரிஸ் பூப் படம் போட்ட அந்த விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருந்தால், காசு போட முதல் இதை வாசியுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபா.

விளம்பரம் என்னவோ அழகுதான். புல்வெளியில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், அகலத் தொப்பி போட்ட பெண்கள், நடுவில் ஐரிஸ் பூங்கொத்து. ஐரோப்பியத் தோட்ட விருந்துகளை மனதில் வைத்துச் செய்த வாசனையாம். சித்தியின் மகளுக்குப் பரந்தனில் கல்யாண வரவேற்பு, அதுவும் பின்னேரம், வீட்டு வளவிலேயே பந்தல் இல்லாமல் மாமரங்களுக்கு லைட் கட்டி. அவளுக்குக் கொடுக்க நல்ல பொருத்தம் என்று வட்ஸ்அப்பில் கேட்டேன்.

“கேஷ் ஒன் டெலிவரி வன்னிக்கு இல்லை அக்கா, அங்கே ஆட்கள் பார்சலைத் திருப்பி அனுப்புகிறார்கள்” என்று பதில் வந்தது. எங்கள் ஒழுங்கையில் கிழமை தவறாமல் கூரியர் தம்பி வந்து காசு வாங்கிக்கொண்டு போகிறார்! அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. 10,000 ரூபாவை வங்கியில் போடுங்கள், மிச்சத்தைப் பார்சல் வரும்போது கொடுங்கள் என்றார்கள். கூரியர்காரர் காசு வாங்காமல் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார். அந்த வசதியை நம்பித்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது.

பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் ஓரங்களில் பசை ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது. போத்தலின் கழுத்தில் இருக்கும் உலோக வளையம், கையால் திருப்ப, லொடலொடவென்று சுற்றியது. நல்ல போத்தலில் அது அசையவே அசையாது. பெட்டியின் அடியில் ஒரு தொகுதி இலக்கம், போத்தலின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வேறொரு இலக்கம். அமுக்கினால் பனி மாதிரிப் பரவாமல் ஒரே கோடாகப் பீய்ச்சியது. வெள்ளைக் கைலேஞ்சியில் அடித்துப் பார்த்தேன். ஊதாக் கறை, சவர்க்காரம் போட்டும் போகவில்லை. கல்யாணச் சாறியில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மணம்? முதலில் மூக்கைக் குத்தும் ஸ்பிரிட், பிறகு மலிவான மல்லிகைச் சவர்க்காரம், அரை மணித்தியாலத்தில் ஒன்றுமே இல்லை. மணிக்கட்டு சிவந்து கடித்தது.

இதைச் சொன்னபோது விற்பனையாளர் எழுதிய பதில்தான் எனக்கு உண்மையில் கோபம் மூட்டியது: “ஐரிஸ் பூவைப் பிழிந்து எடுப்பது அக்கா, அப்படித்தான் மணக்கும்.” சென்ட்டில் ஐரிஸ் என்று சொல்லப்படும் வாசனை பூவிலிருந்து வருவதே இல்லை. நம்மூர் வெட்டிவேர் போல, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான் சரக்கு. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலும் மொரோக்கோவிலும் அந்தக் கிழங்கைப் பயிரிடுகிறார்கள். செடி வளர ஓரிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கிண்டியெடுத்து, தோல் சீவி, காயவைத்து, இன்னும் சில ஆண்டுகள் வைத்திருந்தால்தான் ஐரோன் என்கிற வாசனைப் பொருள் அதில் உருவாகும். பிறகு நீராவியில் வடித்தால் வெண்ணெய் போல் உறைந்த ஒன்று மிகக் கொஞ்சமாகக் கிடைக்கும். அதனால்தான் விலை அப்படி. மணமும் இனிப்பாக இருக்காது. முகப்பவுடர், பச்சைக் கரட், கொஞ்சம் ஈரமண். அடித்தவுடன் இல்லாமல், மெதுவாகத்தான் மேலே வரும்.

எல்லோரும் அசல் கிழங்கைத்தான் போடவேண்டும் என்றில்லை. அதற்கு நெருங்கிய மணமுள்ள அயனோனை 1893இலேயே ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். அதை வைத்து மலிவாக நல்ல சென்ட் செய்யலாம், 2,000 ரூபாவுக்கு விற்கலாம், நானும் வாங்குவேன். சாயத்தண்ணீரை வெளிநாட்டுப் பெட்டியில் போட்டு 14,500க்கு விற்பது வேறு கதை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் “டியர் அக்கா, மேலிடத்தில் கதைத்துச் சொல்கிறோம்” என்றார்கள். அப்புறம் பிளொக்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து எப்படி எழுதுவது என்று கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், ஆகவே “பார்ப்போம்” என்று இழுக்க வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியதும் அதே சட்டப்படி வியாபாரியின் கடமை. இவர்களிடம் முதலிலேயே அதைக் கேளுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். போத்தலை எறியாதீர்கள், தோலிலும் அடிக்காதீர்கள். கடித்தால் தண்ணீரில் நன்றாகக் கழுவி, குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

அந்தப் பக்கம் இப்போது பெயரை மாற்றிவிட்டது. புல்வெளிப் படமும் தொப்பிப் பெண்களும் அப்படியே இருக்கிறார்கள். நீங்களும் காசு போட்டிருந்தால் வங்கிச் சிலிப்பையும் வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டுகளையும் வைத்திருங்கள். ஒரே கணக்கு இலக்கத்தின் மேல் நாலைந்து முறைப்பாடு சேர்ந்தால் அதை ஓரமாகத் தள்ளிவைப்பது கஷ்டம்.