தபால்காரர் மாளிகையா, வாட்ஸ் கோபுரங்களா?

கட்டடக்கலை படிக்காத ஒருவர், யாரும் கேட்காமலே, தன் கையாலேயே ஆயுள் முழுக்கக் கட்டிய இடங்கள் என்றால் எனக்குத் தனிப் பித்து. இந்தப் பித்து உள்ளவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்கும். ஒன்று, பிரான்ஸின் ஓத்ரீவ் கிராமத்தில் ஃபெர்டினான் ஷெவால் என்ற தபால்காரர் கட்டிய ‘லட்சிய மாளிகை’. மற்றது, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா என்ற கட்டடத் தொழிலாளி எழுப்பிய கோபுரங்கள். இருவருக்கும் பிடித்த காலம் சொல்லிவைத்தாற்போல் 33 ஆண்டுகள். ஷெவால் 1879 முதல் 1912 வரை. ரோடியா 1921 முதல் 1954 வரை.

வாட்ஸுக்கு முன்பு ஒருமுறை போயிருந்தேன். அண்மையில், மீண்டும் அங்கே போவதா, இதுவரை பார்க்காத ஓத்ரீவுக்குப் போவதா என்று முடிவு செய்யவேண்டி வந்தது. ஓத்ரீவைத் தேர்ந்தெடுத்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக அதற்கான காரணத்தை எழுதுகிறேன்.

போய்ச் சேரும் வசதியில் வாட்ஸ் தெளிவாக முந்துகிறது. நகர மெட்ரோவில் கோபுரங்களின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஓத்ரீவுக்கு ரயில் இல்லை. லியோனுக்கும் வலான்ஸுக்கும் இடைப்பட்ட கிராமப்புறம் அது, கார் இருந்தால்தான் நிம்மதி. அழகைப் பொறுத்தவரை இரண்டையும் எடைபோடுவதில் அர்த்தமில்லை. ஒன்று வானத்தை நோக்கிப் போகும் பின்னல், மற்றது தரையோடு கிடக்கும் ஒரு குகைக் கனவு.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். இது அதிகாரிகளின் தலைவலி, சுற்றிப் பார்க்க வந்தவருக்கு என்ன என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் நாம் எவ்வளவு அருகில் போகலாம், உள்ளே நுழையலாமா, படியேறலாமா என்பதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

வாட்ஸை எடுத்துக்கொள்வோம். இரும்புக் கம்பிகளை வளைத்து, இணைப்புகளில் கம்பிவலை சுற்றி, மேலே சிமென்ட் கலவை பூசி, அது காய்வதற்குள் உடைந்த பீங்கான், ஓடு, சிப்பி, பச்சைச் சோடா பாட்டில் துண்டு என்று பதித்துக்கொண்டே போனார் ரோடியா. வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது. சாரம் கட்டாமல், இடுப்பில் பட்டை மாட்டி, தான் கட்டியதன் மேலேயே ஏறி அடுத்ததைக் கட்டினார். உயரமான கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர். இது ஆபத்து என்று நகர நிர்வாகம் இடிக்க உத்தரவிட்டது. எதிர்த்தவர்கள் 1959-இல் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுத்தும் கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. வளைந்தது இழுத்த கருவிதான். அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆனால் பலம் வேறு, பராமரிப்பு வேறு. மெல்லிய பூச்சுக்குள் இரும்பு இருக்கும் எந்த அமைப்புக்கும் உள்ள நோய்தான் இதற்கும். விரிசல் வழியாக நீர் இறங்குகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. துரு பிடித்தால் பருமன் கூடும். கூடினால் பூச்சை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கும். பதித்த ஓடும் கண்ணாடியும் உதிரும். இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூரியன் படும் பக்கம் விரிவதால் கோபுரங்கள் பகலில் சற்றே சாய்கின்றன, இரவில் திரும்புகின்றன. இறுக்கமான கலவையால் விரிசலை அடைத்தால், அந்த இடம் மறுபடி பிளக்கும், இல்லையென்றால் பக்கத்தில் பிளக்கும். மாநிலத்தின் சொத்து, நகரத்தின் நிர்வாகம், அருங்காட்சியக நிபுணர்களின் உதவி என்று பலர் அக்கறையோடு உழைத்தும் ‘முடிந்தது’ என்று சொல்லவே முடியாத வேலை இது. வேலை நடக்கும் காலங்களில் பார்வையாளர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்கவேண்டும். நான் போனதும் அப்படி ஒரு காலத்தில்தான்.

ஆக, வாட்ஸ் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக வெளியே நின்று பார்த்த ஒருவரின் சொல். ரோடியா ஈரக் கலவையில் அழுத்திப் பதித்த கருவிகளின் தடங்களும் சோளக்கதிரின் தடமும் உள்ளே இருக்கின்றன. அவற்றை விரலால் தடவிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. உள்ளே போய்வந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தால் தாராளமாக வரலாம்.

ஓத்ரீவில் ஒரு முழு நாளும் மறுநாள் காலையும் இருந்தேன். தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடிதம் கொடுத்தவர் ஷெவால். 43 வயதில் வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் வடிவம் பிடித்துப்போக எடுத்துவைத்துக்கொண்டார். அதன்பின் நடைவழியில் கண்ட கல்லையெல்லாம் ஆங்காங்கே குவித்துவைத்து, மாலையில் தள்ளுவண்டியோடு திரும்பிப்போய் அள்ளிவந்தார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வேலை. கிழக்கு முகப்புக்கு மட்டும் 20 ஆண்டுகள் ஆயின. அங்கே சீசர், சீசரை எதிர்த்துப் போரிட்ட வெர்சிஞ்செதோரிக்ஸ், ஆர்க்கிமிடீஸ் என மூன்று பூதவுருக்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. மேற்கே இந்துக் கோயில், மசூதி, சுவிஸ் வீடு எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவை எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை. அஞ்சலட்டைகளிலும் படப் பத்திரிகைகளிலும் கண்டவைதான்.

26 மீட்டர் நீளமுள்ள இந்தப் பொருளுக்குள் நடக்கலாம் என்பதுதான் விஷயம். குறுகலான நடையின் இரு பக்கச் சுவர்களிலும் கூரையிலும் விலங்குகளும் மரங்களும் நெளிகின்றன. சுழற்படி ஏறினால் மேல்மாடம். அவரைத் தடுக்கிய அந்தக் கல் அங்கேதான் இருக்கிறது. கல் சுமந்த தள்ளுவண்டிக்கும் தனி மாடம் கட்டிவைத்திருக்கிறார். சுவரெங்கும் அவரே பொறித்த வரிகள். 10,000 நாள், 93,000 மணி நேரம், 33 ஆண்டுச் சோதனை என்று கணக்கெழுதிவிட்டு, என்னைவிடப் பிடிவாதக்காரர் இருந்தால் வேலையில் இறங்கட்டும் என்கிறார். அந்த வரியின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இப்படி உள்ளே விடமுடிவதற்குக் காரணம், இது பெரும்பாலும் கல்லும் சுண்ணாம்பும் சிமென்ட்டும் சேர்ந்த கனத்த பிண்டமாக, தன் எடையிலேயே உட்கார்ந்திருப்பதுதான். இதற்கும் பழுது உண்டு, சீரமைப்பும் நடந்திருக்கிறது. ஆனால் உயரத்தில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடித் துண்டாகப் பார்க்கவேண்டிய நிலை இல்லை. இன்னொன்று, மாளிகை ஊராட்சியின் சொத்து. வெளியூர்க்காரர்கள் அந்தச் சிற்றூருக்கு வருவதே இதற்காகத்தான் என்பதால், அதைப் பேணுவது ஊர் தன் வீட்டைப் பேணுவதுபோல. 1969-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததும் பெரிய காப்பு.

சண்டிகரின் பாறைத் தோட்டத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957-இல் ரகசியமாகத் தொடங்கி, 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அற்புதம் அது. ஆனால் வெளியே தெரிந்தபின் அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் கிடைத்தார்கள். அதனால் தனிமனித முயற்சி என்ற இந்தப் பந்தியில் அது பாதிதான் உட்காரும். ஒருமுறை கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிவந்ததைவைத்து அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி போதாது.

வேறு வேலையாக லாஸ் ஏஞ்சலிஸ் போகிறீர்கள் என்றால் வாட்ஸைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு உள்ளே விடுகிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இதற்காகவே ஒரு பயணம் என்றால் ஓத்ரீவ்தான். அப்புறம், மாளிகையோடு திரும்பிவிடாமல் கல்லறைத் தோட்டம் வரை நடந்துபோங்கள். மாளிகைக்குள் தன்னைப் புதைக்க அனுமதி கிடைக்காததால், ஷெவால் அங்கே தனக்கான கல்லறையைத் தானே கட்டத் தொடங்கினார். எட்டு ஆண்டு வேலை. 1922-இல் முடித்தபோது அவருக்கு வயது 86. இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்குள் போனார்.