கட்டைவிரலை வருத்தாத கேப்போ

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கிதார் வாசித்த காலத்தில் கேப்போவை நான் தொட்டதே இல்லை. கேப்போ என்பது கிதாரின் கழுத்தில் ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி. பாடகியின் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால், நான்காவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடித்து விடிய விடிய வாசிப்பேன். மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கும் போய்விடுவேன். இப்போது வயது 67. இரண்டு கைகளிலும் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தினால், கிதாரின் கழுத்துக்குப் பின்னால் நின்று தாங்கும் கட்டைவிரலில்தான் வலி சுரீரென்று ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கையை உதற வேண்டியிருந்தது. அதனால்தான் கேப்போ வாங்கினேன்.

முதலில் வாங்கியது டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில், 250 ரூபாய்க்கு, பெயர் எதுவும் பொறிக்காத ஸ்பிரிங் கேப்போ. துணி கிளிப்பைப் போல இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் கவ்வும். இளம் விரல்களுக்கு இதைப் போல வசதியானது இல்லை. ஒரு கையால் நொடியில் மாற்றிவிடலாம். எனக்கோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேய்ந்த மூட்டின்மேலேயே பாரம் விழுந்தது. எதைத் தவிர்க்கக் காசு கொடுத்தேனோ, அதே வலி வேறு வழியாக வந்தது. சுருதியும் நிற்கவில்லை. கேப்போ போடுவதற்கு முன் சரியாக இருந்த மூன்றாவது கம்பி, போட்ட பிறகு, சுருதி பார்க்கும் ட்யூனர் கருவியில் சரியான சுருதியைக் காட்டும் பச்சையைத் தாண்டி மேலே நின்றது. அந்த ஸ்பிரிங்குக்கு ஒரே பலம்தான் தெரியும். மெல்லிய கழுத்தோ தடித்த கழுத்தோ, அதே இறுக்கு. தேவைக்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறத்தான் செய்யும். போதாக்குறைக்கு, சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்ததில் அதன் ரப்பர் பிசுபிசுத்துக் கம்பியில் ஒட்டத் தொடங்கியது.

இப்போது என்னிடம் இருப்பது ஷப் நிறுவனத்தின் சி1. 2,000 ரூபாய்க்கு மேல் ஆனது. கொடுத்த காசுக்கு ஒரு நாளும் வருந்தியதில்லை.

இதில் ஸ்பிரிங் கிடையாது. கழுத்துக்குப் பின்னால் ஒரு சிறு நெம்புகோல், அதில் ஒரு திருகு. கேப்போவை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, நெம்புகோலை உள்ளங்கையால் தள்ளினால் ஒரு புள்ளியைத் தாண்டி 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். கிள்ளவோ நெரிக்கவோ வேண்டாம். எவ்வளவு இறுக வேண்டும் என்பதைத் திருகுதான் முடிவுசெய்கிறது. நான் முதலில் தளர்வாக வைத்து ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டுவேன். எங்காவது 'விர்ர்' என்று அதிரும். நெம்புகோலைத் திறந்து, திருகைக் கால் சுற்று ஏற்றி, மறுபடி பூட்டுவேன். அதிர்வு மறைந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட வேண்டாம். இப்படி வைத்தால் மூன்றாவது கம்பி ட்யூனரில் பச்சையிலேயே நிற்கிறது. ஒருமுறை அமைத்த திருகைப் பக்கத்து ஃப்ரெட்டுகளுக்குப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவதுக்குப் போனால் கழுத்து தடிக்கும், திருகைத் தளர்த்த வேண்டும். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அரை நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அது பதற்றம். திருகின் தலையும் சிறியது. சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகன் ஜி7த் என்ற நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் கேப்போவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். முழுக் கையால் பொத்தி அழுத்தினால் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. சிறு விசையைத் தட்டினால் கழன்றுவிடுகிறது. கழுத்தின் தடிமனைப் பற்றிய கவலையே இல்லை. விலை இன்னும் அதிகம். கையில் பணம் இருந்து மூட்டுவலியும் இருப்பவர் அதையே வாங்கலாம். எலாஸ்டிக் பட்டை வகையை நம் வயதுக்காரர்கள் தொட வேண்டாம். இழுத்து மாட்டுவதற்குள் கை போய்விடும்.

வாங்கும்போது உங்கள் கிதாரைக் கையோடு கொண்டுபோங்கள். இரும்புக் கம்பிக் கிதாரின் விரல்பலகை லேசாக வளைந்திருக்கும், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையில்) அகலம் 43 அல்லது 44 மில்லிமீட்டர். நைலான் கம்பிக் கிதாரில் பலகை பொதுவாகத் தட்டை, அகலம் சுமார் 52 மில்லிமீட்டர். வளைந்த கேப்போவைத் தட்டைப் பலகையில் போட்டால் எல்லாக் கம்பிகளும் ஒன்றுபோல அழுந்தாது. பேத்தியின் நைலான் கிதாருக்கு ஷப்பிலேயே சி2 என்று தனியாக இருக்கிறது. "எல்லாக் கிதாருக்கும் இது போதும் சார்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

கேப்போ என்பது கற்றுக்குட்டிகளுக்கு என்று என் காலத்து வாசிப்பாளர்கள் பேசியது உண்டு. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். அது தவறு. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பையன், "ஐயா, நான் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துகிறேன், நீங்கள் கேப்போவை நகர்த்துகிறீர்கள், இரண்டும் ஒன்றுதானே" என்றான். சரியான பேச்சு. ஜி கார்டை அடிப்படையாக வைத்து வாசித்தால் ஐந்து கட்டை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஐந்தரை. சி கார்டு ஒரு கட்டை; மூன்றாவது ஃப்ரெட்டில் போட்டால் இரண்டரை. பாடுகிறவர் எந்தச் சுருதியைக் கேட்டாலும் விரல் பழகிய இடத்திலேயே இருக்கிறது.

வலி உள்ளவர்களுக்குக் கேப்போவால் இன்னும் இரண்டு நன்மைகள். பெரிய கிதாரில் முதல் ஃப்ரெட் வரை சுமார் 36 மில்லிமீட்டர் இடைவெளி. மூன்றாவதில் கேப்போ போட்டால் அதற்கு அடுத்த இடைவெளி 31-க்கும் குறைவு. விரலை அகட்டுவது அந்த அளவுக்குக் குறைகிறது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய வரம். ஆறு கம்பிகளையும் இரண்டு அரைச்சுரம் (ஒரு ஃப்ரெட்டுக்கு ஓர் அரைச்சுரம்) இறக்கிச் சுருதி சேர்த்து, கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் போடுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், ஆனால் கம்பியின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நட்டில் கம்பி உயரமாக நிற்கும் தொல்லையும் கேப்போவோடு போய்விடுகிறது. பல மாதங்களாகக் கைவிட்டிருந்த எஃப் கார்டை இந்த ஏற்பாட்டில்தான் மறுபடி பிடித்தேன். ஓங்கி அடித்தால் தளர்ந்த கம்பி சற்று அதிரும், மென்மையாக வாசித்தால் தெரியாது.

வாசித்து முடித்ததும் கேப்போவைக் கழற்றிவிடுங்கள், பூட்டியபடியே பைக்குள் வைக்காதீர்கள். நான் சில நாள் மறந்ததில் மூன்று தடித்த கம்பிகளின் தடம் ரப்பரில் பள்ளமாக விழுந்திருக்கிறது. மாற்று ரப்பர் தனியாகக் கிடைக்கிறது. டிசம்பரில் கேரல் பவனி கிளம்புவதற்குள் மாற்றிவிடுவேன்.