இஞ்சின் மாற்றிய வண்டியில் ஐடிலிங் கோளாறு: ஸ்கேனரா, புகைச் சோதனையா?

பழைய ஜிப்சி கிங்கில் இருந்த கார்புரேட்டர் இஞ்சினை இறக்கிவிட்டு, எஸ்டீமின் 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சும்) இஞ்சினை ஏற்றினேன். இரண்டுமே 1298 சிசி, ஒரே ஜி13 குடும்பம். ஆர்டிஓ அனுமதி, ஆர்சி புத்தகத்தில் புது இஞ்சின் நம்பர் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. ஐடிலிங்தான், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம்தான், படுத்தியது. 800ஐ ஒட்டி நிற்க வேண்டிய ஆர்பிஎம் 1200க்கும் 1800க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வழிகள் சொன்னார்கள். முதலாவது, சந்தேகப்படும் பார்ட்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. ஐடில் வால்வும் (ஐடிலிங்குக்கான காற்றை விடுவது) த்ராட்டில் சென்சாரும் (ஆக்சிலேட்டர் திறக்கும் காற்றுக் கதவான த்ராட்டிலின் நிலையைச் சொல்வது) வாங்கிப் போட்டேன்; பணம் போனது, ஐடிலிங் அப்படியே இருந்தது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, ஓடும் இஞ்சின் மேல் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று கவனிப்பது; காற்று கசியும் ஓட்டை இருந்தால் ஸ்ப்ரே அதன் வழியே உள்ளே போய் ஆர்பிஎம்மை மாற்றும். ரேடியேட்டர் ஃபேன் காற்றில் ஸ்ப்ரே எங்கெங்கோ பரவும். சூடான சைலன்சர் பைப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் சமாச்சாரமும்கூட. ஏற்கெனவே ஏறி இறங்கும் ஆர்பிஎம்மில் எது ஸ்ப்ரேயால் மாறியது, எது தானாக மாறியது என்று எப்படிப் பிரிப்பது?

மிச்சம், இஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும், இஞ்சினுக்குள் புகை விட்டு ஓட்டையைத் தேடும் புகைச் சோதனையும். நான் புகையின் பக்கம்.

ஸ்கேனரைக் குறை சொல்லவில்லை. என்னிடம் இருந்த ப்ளூடூத் அடாப்டர் 2002 மாடல் ஈசியுவோடு (இஞ்சின் கம்ப்யூட்டர்) பேசவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரிய ஸ்கேனர் பேசியது. கோளாறு கோட் எதுவும் இல்லை. ஃப்யூயல் ட்ரிம்மும் (கலவை சரியாக இருக்க ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) சாதாரணம். "சென்சார் எல்லாம் சுத்தமா இருக்குதுங்ணா, அப்ப லீக் இருக்காது" என்றார் மெக்கானிக் தம்பி. நானும் நம்பிவிட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், சென்சாரைத் தாண்டி காற்று புகுந்தால் அது கணக்கில் வராது. பெட்ரோல் குறைந்துபோகும், ட்ரிம் எகிறும், ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். என் இஞ்சினில் இருப்பது மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். ஓட்டை வழியாகக் காற்று புகுந்தாலும் மேனிஃபோல்ட் அழுத்தம் கூடும். ஈசியு அதற்கேற்ற பெட்ரோலைச் சேர்த்துவிடும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வைத்த மாதிரிதான் அதற்குத் தெரியும். கலவை சரி, ட்ரிம் சரி, ஆர்பிஎம் மட்டும் உயரும். த்ராட்டில் மூடியிருக்கும்போது ஆர்பிஎம் அளவுக்கு மேல் போனால் ஈசியு பெட்ரோலை நிறுத்தும், இறங்கியதும் மறுபடி கொடுக்கும். அந்த ஏற்ற இறக்கம் இப்படி வந்ததுதான்.

ஸ்கேனர் ஒரு துப்பு கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐடில் வால்வ் அநேகமாக முழுக்க மூடியிருந்தும் ஆர்பிஎம் 1500ஐத் தாண்டியது. அப்படியானால் காற்று வேறு வழியில் வருகிறது. எந்த வழி என்பதை அது சொல்லாது.

இஞ்சின் மாற்றிய வண்டியில் அந்த 'எந்த வழி'தான் பெரிய கேள்வி. எஸ்டீமில் இஞ்சின் குறுக்காக இருக்கும், ஜிப்சியில் நீளவாக்கில். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பைப், ஏசிக்கான ஹோஸ் என்று ஒன்றுகூட பழைய நீளத்தில் பொருந்தாது. சிலதை வெட்டி இணைத்திருப்போம், சில வாயை ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்போம். கம்பெனியிலிருந்து வந்த வண்டிக்கு மேனுவலில் படம் இருக்கும். இந்த வண்டிக்கு அப்படி ஒரு படம் எங்கேயும் கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

புகைச் சோதனையில் இஞ்சின் ஓடாது, ஆறியிருக்கும். ஏர் ஹோஸின் வாயை அடைத்து, பூஸ்டர் ஹோஸ் வழியாக 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் எண்ணெய்ப் புகையை விட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு நிமிடத்தில் ஃபயர்வால் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) பக்கமிருந்து ஊதுபத்திப் புகைபோல மெல்லிய நூல் ஒன்று எழுந்தது. மேனிஃபோல்டின் பின்பக்க வாய்க்குப் போட்ட ரப்பர் மூடி. மேலே புதுசுபோல இருந்தது, கீழ்ப்பக்கம் நீளமாக வெடிப்பு. நான் கையால் இரண்டு முறை தடவிப் பார்த்து சரி என்று விட்ட மூடி அது. கூடவே ஒரு இன்ஜெக்டரின் ஓ-ரிங்கிலும் லேசான கசிவு. இரண்டையும் மாற்றியதும் ஐடிலிங் 850ல் நின்றது.

முதல் தடவை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைலன்சரிலோ ஆயில் டிப்ஸ்டிக் பக்கமோ புகை வந்தால் பதற வேண்டாம். திறந்திருக்கும் வால்வ் வழியாகவும் பிசிவி (இஞ்சின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் வால்வ்) வழியாகவும் அது போகும். கிராங்கைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

புகையால் முடியாததும் உண்டு. டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியிருப்பது, இஞ்சினிலிருந்து பாடிக்கு எர்த் வயர் விட்டுப்போனது, கூலன்ட் சென்சார் வயரை மீட்டருக்குப் போகும் சென்சாரோடு மாற்றிக் கொடுத்தது, இதெல்லாம் அதில் தெரியாது. அங்கே ஸ்கேனரும் மல்டிமீட்டரும் வேண்டும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனரை முதலில் வைப்பதே சரியாக இருக்கலாம். அப்படி ஒரு வண்டியில் நான் இஞ்சின் மாற்றியதில்லை. டீசலிலும் அனுபவம் இல்லை.

எதற்கும் முன்னால் ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாமல் விறைப்பாக இருந்தால் த்ராட்டில் முழுக்க மூடாது, புகையும் ஸ்கேனரும் இல்லாமலே வேலை முடிந்துவிடும்.