“லாகினை நிறுத்திவிட்டோம்” என்று பில் போட்டார்கள், நம்பாதீர்கள்

எங்கள் பில்லிங் சர்வர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் வருட ஒப்பந்தத்தில் விட்டிருந்தோம். சர்வரைக் கவனித்துவந்த எங்கள் ஊழியர் வேலையை விட்டுப் போன மறுநாளே, “அவருடைய லாகினை நிறுத்திவிடுங்கள்” என்று எழுதிக் கேட்டேன். மாலையே “முடிந்தது சார்” என்று பதில் வந்தது, கூடவே தனி பில். பணத்தையும் கட்டினேன்.

ஏழு வாரம் கழித்து வேறொரு கோளாறுக்காக ஆத் லாகை, அதாவது யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவைப் புரட்டியபோது, ராத்திரி 11.40 மணி வரியில் ‘அக்செப்டட் பப்ளிக் கீ’ (சாவி ஏற்கப்பட்டது), பக்கத்தில் அவருடைய பெயர். கை நடுங்கிவிட்டது. தேடினால் அதே போல இன்னும் எட்டு வரிகள். உள்ளே வந்து என்ன பார்த்தார் என்பது அதில் இல்லை.

நிறுவனம் செய்தது பாஸ்வேர்டைப் பூட்டியது மட்டும்தான். பாஸ்வேர்டுகளைக் காக்கும் ஷேடோ கோப்பில் அவருடைய ஹாஷுக்கு (பாஸ்வேர்டின் மறைவடிவம்) முன்னால் ஒரு ஆச்சரியக்குறி விழும், அவ்வளவே. வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் சாவி என்ற ரகசியக் கோப்போடு வருகிறவரிடம் பாஸ்வேர்டே கேட்பதில்லையே! எந்தெந்தச் சாவிகளை ஏற்கலாம் என்று பட்டியல் போடும் அவருடைய ஆதரைஸ்டு கீஸ் கோப்பு அப்படியே கிடந்தது. இப்படிப் பூட்டினால் கணக்கு முடங்காது, சாவி மூலம் நுழைய முடியும் என்று பாஸ்வேர்டைப் பூட்டும் கட்டளையின் மேன் பக்கத்திலேயே (கூடவே வரும் கையேடு) எழுதியிருக்கிறது. காசு வாங்குகிறவர்கள் அதைப் படிக்க வேண்டாமா?

சண்டை போட்டதும் அவருடைய ஷெல்லை (கட்டளைகளைத் தட்டும் திரை) நோலாகின் என்று மாற்றிவிட்டு “இப்போது சரி” என்றார்கள். அதுவும் சரியில்லை. ஷெல் கிடைக்காதே தவிர சாவி செல்லும். சர்வர் வழியாக மற்ற இணைப்புகளைக் கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் தனியாக அடைக்காவிட்டால் அந்த வழியாக டேட்டாபேஸ் வரை போகலாம்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். கணக்குகளை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் அவருடைய கணக்கின் காலாவதி நாளை 1 என்று கொடுத்தேன். லினக்ஸ் 1970 ஜனவரி 1-லிருந்து நாட்களை எண்ணுவதால், கணக்கு அந்த வருட ஜனவரி 2-லேயே முடிந்துபோனதாக ஆகிவிடும். அப்புறம் சரியான சாவி இருந்தாலும் உள்ளே விடாது. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் இதனால் மூடாது, அவருடைய புரோசஸ்களைத் தனியாக நிறுத்த வேண்டும். ஆதரைஸ்டு கீஸ் கோப்பையும், நேரம் வைத்துத் தானாக ஓடும் அவருடைய கிரான் வேலைகளையும் எடுத்தேன்.

உங்கள் சர்வரிலும் யாராவது “நிறுத்திவிட்டோம்” என்றால், பணம் கொடுக்கும் முன் அந்தக் கணக்கின் சாவியோடு நுழைய முயன்று, உள்ளே விடவில்லை என்பதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பையும் திறந்து பாருங்கள். எங்களுடையதில் மூன்றாவது சாவி வரியின் கடைசியில் அந்தப் பழைய ஊழியருடைய லேப்டாப்பின் பெயர் இருந்தது.